டீமேக்கர் மூக்கும் ஒரு வாய்ப் புகையிலையும்

எனக்குச் சம்பளம் கொடுப்பது என் மூக்குக்காகத்தான். கைகால்களெல்லாம் அந்த மூக்கை இடத்துக்கு இடம் தூக்கிக்கொண்டு போவதற்கு. நமுனுகுல மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் டீமேக்கர். வாடிய கொழுந்தை உருட்டி அரைத்து நொதிப்பு மேசையில் பரப்பி விடுவார்கள். பச்சைப் புல் வாடையோடு கிடக்கும் இலை, நேரம் போகப் போகச் செம்பு நிறமாகிப் பழ வாசனை பிடிக்கும். அந்த வாசனை சரியாக எழும்பும் நிமிடத்தில் 'எடுங்க' என்று நான் சொல்ல வேண்டும். உடனே அள்ளிக்கொண்டு போய்ச் சூட்டில் காய வைப்பார்கள். முந்திச் சொன்னால் தேயிலையில் பச்சை வாடை அடிக்கும். பிந்திச் சொன்னால் சாயம் செத்துப்போகும். மணிக்கூடும் வெப்பமானியும் இருக்கின்றன என்றாலும் மழை நாளுக்கு ஒரு நேரம், காற்று நாளுக்கு ஒரு நேரம். கடைசித் தீர்ப்பு மூக்கினுடையது.

இப்படிப்பட்ட மூக்குக்குள் இருபத்தைந்து வருடமாக நான் புகை விட்டுக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலைக்குள் புகைக்க முடியாது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையைத் தேயிலை இழுத்துக்கொள்ளும். ஆகவே எங்கள் இடம் பின்பக்கத்து விறகுக் கொட்டில். காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் அங்கே இரண்டு பேர் கூடுவோம்: நானும் தோட்டத்து லொறி டிரைவரும். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். சிகரெட் என் சட்டைப் பையில் இருக்கும், நெருப்புப் பெட்டி அவனிடம் இருக்கும். அவன் கேட்டு வாங்கியதே இல்லை. பேசிக்கொண்டே தன் கையை என் பைக்குள் விட்டு ஒன்றை எடுத்துக்கொள்வான். தன் சட்டைப் பைக்குள் கைவிடும்போதுகூட அவனுக்கு அவ்வளவு உரிமை இருந்திருக்காது.

சந்தியில் உள்ள பெட்டிக்கடையில் ஒன்று இரண்டாகத்தான் வாங்குவேன். பெட்டியோடு வாங்கினால் அதிகம் குடிப்போம், உதிரியாக வாங்கினால் குறையும் என்பது எங்கள் இருவரின் சுகாதாரக் கொள்கை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. பெட்டியின் மேல் பயமுறுத்துவதற்காகப் போட்டிருக்கும் அழுகிய நோயாளிப் படங்களை எங்கள் தோட்டத்தில் கடைக்காரர் ஒருவர்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

குடித்து முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, கராம்பு இரண்டைக் கடித்து, மேலங்கியை உதறிப் போட்டுக்கொண்டு நொதிப்பு மேசைக்குப் போவேன். வாடை துளியும் இல்லை என்று என் மூக்கு எனக்குச் சான்றிதழ் கொடுக்கும். என் மனைவி மட்டும் அந்தச் சான்றிதழை ஏற்கவில்லை. அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். "அம்பது புள்ளைங்க மூத்திரத் துணி அலசிட்டு வர்றேன். அது கூட பரவாயில்ல. உங்க கோட்ட தொடத்தான் கொமட்டுது" என்பாள். பெண்களுக்கு மூக்கு கொஞ்சம் அதிகப்படியாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் ஒரு நாள் காலை டிரைவர் உரம் ஏற்றப் பதுளைக்குப் போனான். கடையொன்றில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது கோப்பை கையிலிருந்து வழுக்கி விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவன் எழும்பவில்லை. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். அவன் மனைவியிடம் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் குடிப்பாரா?"

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பேச்சு போய்விட்டது. போகாமல் தங்கியது ஒரே ஒரு சொல், 'போலாம்'. இருபது வருடம் லொறியை எடுக்கும்போதெல்லாம் உதவியாளனைப் பார்த்துச் சொன்ன சொல். கஞ்சி வந்தால் போலாம். ஊசி போட்டால் போலாம். நான் தோடம்பழப் பையை வைத்துவிட்டு, "எப்படி இருக்கு மச்சான்?" என்றதும் என்னைப் பார்த்தான். கண்ணில் நீர் நிரம்பியது. "போலாம்" என்றான்.

நான் வெளியே வந்து ஆஸ்பத்திரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு சிகரெட் பற்ற வைத்தேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். நெருப்புப் பெட்டி இல்லாமல் பெட்டிக்கடையில் தொங்கிய நெருப்புக் கயிற்றில் பற்ற வைத்தபோதுதான், அது எப்போதும் அவனிடம் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து பயம் பிடித்தது. அடுத்தது நான் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்குள்ளே எந்தக் குழாய் எப்போது அடைக்கும் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நடந்தேன். போனில் தேடியதில் ஒரு சோதனை கிடைத்தது. சிரித்துப் பார், வாய் கோணுகிறதா. இரண்டு கையையும் தூக்கிப் பார், ஒன்று இறங்குகிறதா. ஒரு வசனம் சொல்லிப் பார், நாக்கு குழறுகிறதா. பக்கவாதம் வந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பதற்கான சோதனை அது. நானோ அது வராமலிருக்க நாளைக்கு ஆறு தடவை செய்தேன். வசனமாக 'நமுனுகுல மலையில் மழை பெய்கிறது' என்பதை வைத்துக்கொண்டேன்.

தொழிற்சாலையில் கண்ணாடி இருப்பது கைகழுவும் தொட்டிக்கு மேலே. டீமேக்கர் ஐயா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார், கொளுத்தும் வெயிலில் மழை பெய்கிறது என்கிறார் என்ற செய்தி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் வரை போய்விட்டது. சிலர் நான் தியானம் பழகுவதாகச் சொன்னார்களாம். பெரும்பாலோர் வேறு விதமாகச் சொன்னார்களாம்.

ஒரு நாள் சோதனையில் சிரிப்பு கோணியது. நிச்சயமாக இடப்பக்கம் உயர்ந்திருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கல்யாணப் படத்தை இறக்கி, கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டேன். படத்திலும் இடப்பக்கம் உயர்ந்திருந்தது.

"என்னா பண்றீங்க?" என்றாள் மனைவி.

"கல்யாணத்தப்பவே எனக்கு வாய் கோணித்தான் இருந்திருக்கு. அப்பவே வந்திருக்குமோ?"

"அது சிரிப்பே இல்லீங்க. போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிட்டே இருந்தாரு, நீங்க பயந்துபோய் பல்ல மட்டும் காட்டுனீங்க."

"எதுக்கு பயந்தேன்?"

"அத நீங்கதான் சொல்லணும். ஞாபகம் இல்லயா?"

ஞாபகம் இல்லை. புகை பிடிப்பவர்களுக்கு ஞாபகமும் தேயும் என்று அன்று காலையில்தான் படித்திருந்தேன். அந்த இரவு கல்யாணத்துக்கு வந்தவர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். எட்டுப் பேருக்கு மேல் போகவில்லை.

இவையெல்லாம் நானாகக் கிளப்பிய பூதங்கள். உண்மையான அடி அதற்கடுத்த வாரம் விழுந்தது. எங்கள் நொதிப்பு மேசையில் இலை பரப்பி அள்ளும் அக்கா ஒருவர் உண்டு. நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அந்த மேசையில் இருப்பவர். மகளுக்குப் பிள்ளைப் பேறு என்று பெரகலவுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் புதிதாக ஒருத்தி நின்றாள். நான் வழக்கம்போல மேசை மேல் குனிந்தேன், மூக்கை வைத்தேன். ஒன்றும் எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று நின்றேன். அப்போதும் ஒன்றும் இல்லை. புதியவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு 'எடுங்க' என்றபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த வாரம் மூன்று முறை இப்படி நடந்தது. சாயத்தை ஊற்றிப் பார்த்தால் பழைய சாக்கை நனைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

தோட்டத்து மனேஜரான தொரை என்னைக் கூப்பிட்டார். வயதில் என் மகனாக இருக்கக்கூடியவர், மரியாதையாகத்தான் பேசினார். "மூக்கு அடைச்சிருக்கா டீமேக்கர்? தடிமனா? இப்படியே போனா நான் மேல பதில் சொல்லணும், நீங்களும் சொல்லணும்." தடிமன்தான் என்றேன்.

தடிமன் இல்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு வெங்காயம், மண்ணெண்ணெய், மனைவியின் முகப்பவுடர் மூன்றையும் முகர்ந்தேன். மண்ணெண்ணெய் மட்டும் ஏதோ தூரத்து உறவு மாதிரித் தெரிந்தது. வாசனையை அறிவது மூளை என்று போன் சொன்னது. ஆக மூளை போகத் தொடங்கிவிட்டது. டிரைவருக்குக் கையில் தொடங்கியது, எனக்கு மூக்கில். டீமேக்கருக்கு மூக்கு போனால் பிறகு அவனிடம் மிஞ்சுவது மேலங்கி மட்டும்தான்.

அன்றே விட்டுவிட்டேன். நான் சிகரெட்டை விட்ட முதல் மூன்று நாளை என் வீட்டார் இன்னும் மன்னிக்கவில்லை. கதவைச் சாத்தினால் கத்தினேன், திறந்தால் கத்தினேன். கை பத்து மணிக்குத் தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் கராம்பு மட்டும் இருந்தது.

நான்காம் நாள் பெரகலவிலிருந்து அக்கா திரும்பினார். பேரன் பிறந்த சந்தோஷத்தில் வாய் நிறைய வெற்றிலையோடு விறகுக் கொட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலை வளவுக்குள் வெற்றிலை போட்டுத் துப்பக்கூடாது என்று பலகை எழுதி மாட்டியவன் நானே. ஆனால் அந்த நேரம் அந்தச் சிவந்த வாயைப் பார்க்க எனக்கு எச்சில் ஊறியது. சிகரெட்டில் கெடுதி செய்வது புகைதானே, புகை இல்லாத புகையிலை என்ன செய்யும் என்று ஒரு ஞானம் பிறந்தது.

"அக்கா, எனக்கு ஒரு வாய் மடிச்சுக் குடுங்க."

"ஐயாவுக்கா? வெறும் வெத்தல பாக்கு தர்றேன்."

"பொகையிலயும் வைங்க."

"வேணாங்கய்யா. பழக்கமில்லாதவங்களுக்கு தல கிறுக்கும்."

"இருவத்தஞ்சு வருசமா அதத்தான் பத்த வச்சு குடிச்சிருக்கேன். எனக்கா கிறுக்கும்?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விரல் நகமளவு கிள்ளி வைத்தார். "பத்தாது" என்றேன். இன்னொரு கிள்ளு. சுண்ணாம்பையும் தாராளமாகத் தடவச் சொன்னேன். "சாற முழுங்கிடாதீங்க, துப்பிருங்க" என்றார்.

முதல் இரண்டு நிமிடம் சொர்க்கம். மூன்றாவது நிமிடம் வாய் நிறைந்தது, துப்புவதற்கு எழுந்தேன். கொட்டில் மூலையைத் திரும்பி வந்தது தொரையின் ஜீப். ஜீப் நின்ற இடத்துக்கு நேர்மேலே தொங்கியது என் பலகை.

"டீமேக்கர், இன்னைக்கு எப்படி?" என்று தொரை கேட்டார்.

பதில் சொல்ல வாய் வேண்டும். வாயில் இடமில்லை. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றேன்.

நன்றாக இல்லை. வயிற்றுக்குள் இறங்கிய சாறு அங்கிருந்து தலைக்கு ஏறுவதை என்னால் படிப்படியாக உணர முடிந்தது. காது அடைத்தது. வேர்த்தது. நெஞ்சு கொழுந்து உருட்டும் ரோலர் மாதிரி உருண்டது. கொட்டிலும் ஜீப்பும் தொரையும் மெதுவாக இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார்கள். சுண்ணாம்பில் வெந்த நாக்கு மரத்துப் போயிருந்தது. வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பழகிய சோதனையைச் செய்தேன். தொரைக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கினேன். பல்லைக் காட்டினேன். வாயோரம் சிவப்பாக வழிந்தது. "நமுனுகுல மலையில் மழை பெய்கிறது" என்றேன். குழறியது.

டீமேக்கர் இரத்தம் கக்குகிறார் என்றுதான் தொரை நினைத்தார். பாவம், அவர் முகம் என் முகத்தைவிட வெளுத்துப்போனது. என்னைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார்கள். அக்கா ஓடி வந்து என்னவோ சொன்னார், ஜீப்பின் சத்தத்தில் கேட்கவில்லை. பதுளை வரை நான் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி நாக்கைச் சோதித்துக்கொண்டே போனேன். ஜீப் ஓட்டிய பையன் பொறுக்க முடியாமல், "இல்லீங்கய்யா, வெயில்தான் அடிக்குது" என்றான்.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர், தமிழ்ப் பிள்ளை, என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், கையை இழுக்கச் சொன்னார், தள்ளச் சொன்னார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்தவர் அப்படியே பின்னால் போனார்.

"என்ன போட்டிருக்கீங்க?"

அந்த நேரம் மனைவி ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தாள். அவளிடம் கடைசியாக ஏதோ உருக்கமாகச் சொல்ல நினைத்து வாயைத் திறந்தேன். வந்தது வாந்தி. அதிலேயே டொக்டரின் கேள்விக்கும் பதில் இருந்தது.

"ஸ்ட்ரோக் இல்ல" என்றார் டொக்டர். "புகையில சாற முழுங்கியிருக்கீங்க. அதான் தலைசுத்து, வேர்வை, படபடப்பு எல்லாம். கொஞ்ச நேரம் படுங்க, அடங்கிரும்."

"நா சிகரெட்ட விட்டுட்டேன் டொக்டர்" என்றேன், பரிதாபமாக.

"எங்க விட்டீங்க? முன்கதவ சாத்திட்டு பின்கதவ தொறந்து வச்சிருக்கீங்க. அதே நஞ்சுதானே. இப்படி மென்னா வாயில புத்துநோய் வரும். அதுவும் வேணுமா?"

மனைவி, "நல்லா கேளுங்க டொக்டர்" என்றாள்.

என் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். டிரைவர், கண்ணாடி, மூக்கு. அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் நன்றி. மூளைக்குப் போகும் குழாய்கள் மெல்லியவை, புகை அவற்றின் உட்பக்கத்தைக் கெடுத்துக் கடினமாக்கும், ஒடுக்கும், இரத்தத்தையும் கட்டிபடச் செய்யும் என்றார். நெஞ்சுக்குப் போகும் குழாய்களுக்கும் அதே கதிதான். எங்கள் உலையின் புகைக்குழாயை மாதம் ஒரு தடவை ஆட்கள் சுரண்டுவார்கள். ஒரு மாதம் தவறினாலும் நான் கத்துவேன். எனக்குள்ளே இருக்கும் குழாயை இருபத்தைந்து வருடம் யாரும் சுரண்டவில்லை, சுரண்டவும் முடியாது. இதைச் சொன்னேன். "பரவாயில்ல, உங்களுக்கு சீக்கிரம் வெளங்குது" என்றார்.

"மூக்கு திரும்பி வருமா டொக்டர்?"

"உண்மையா விட்டுட்டா நெறைய பேருக்கு கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். உங்களுக்கு எவ்வளவுன்னு நா சொல்ல முடியாது. ஆனா மூளையில செத்துப்போன எடம் அப்படி திரும்பாது. உங்க சிநேகிதருக்கு நடந்தது அது. உங்களுக்கு இன்னும் நடக்கல. பிரஷர் கூடத்தான் இருக்கு, அது மட்டும் பொய் இல்ல."

பிரஷர் மாத்திரையும், விடுவதற்கு உதவும் கிளினிக்குக்கு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு, "அந்த டிரைவரண்ண சம்சாரம் அவருக்கு எப்படி ஊட்டுதுன்னு பாத்திருக்கீங்களா?" என்றாள். "நா அத தெனமும் நெனைக்கிறேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனபோது தோட்டமே எனக்காகச் சிரிக்காத முகத்தோடு காத்திருந்தது. மழை எப்படி ஐயா என்று கேட்டவர்கள் பதினொரு பேர். அக்கா மட்டும் உண்மையாகவே வருத்தப்பட்டார். நொதிப்பு மேசையருகே நின்று அவரிடம் சொன்னேன், "அக்கா, ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு மூக்கு போயிருச்சு. நீங்க பெரகல போன வாரந்தான் போச்சு."

அக்கா மரச் சட்டுவத்தைக் கீழே வைத்தார். "போன வாரமா? ஐயாவுக்கு மூக்கு போயி ஏழெட்டு வருசமாச்சுங்களே."

"என்னா சொல்றீங்க?"

"நீங்க குனிஞ்சு மோந்து பாப்பீங்க. தூளு பதம் வரல்லன்னா நா சும்மா நிப்பேன். பதம் வந்துட்டா நா சட்டுவத்த எடுத்து ஓரத்த ஒதுக்க ஆரம்பிப்பேன். ஒடனே நீங்க 'எடுங்க'ம்பீங்க. புதுப்புள்ளைக்கு அது தெரியாது. நீங்க சொல்லட்டும்னு நின்னிருக்கு."

"ஏன் அக்கா இத்தன வருசமா சொல்லல?"

"ஐயாவுக்கு தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

ஏழெட்டு வருடமாக என் மூக்கு அக்காவின் கையில் இருந்திருக்கிறது. மேசைக்குப் பக்கத்தில் நின்ற பழைய ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். மனைவிக்கு என் கோட்டின் வாடை தெரிந்தது மாதிரி.

அந்த வாரம் டிரைவரின் வீட்டுக்குப் போனேன். லயத்து வரிசை வீட்டின் முன்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். நடந்ததை எல்லாம் நடித்துக் காட்டினேன். ஜீப் வந்ததையும், விழுங்கியதையும், தொரைக்கு முன்னால் கையைத் தூக்கிப் பல்லைக் காட்டியதையும். அவன் சிரித்தான். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் தோள் குலுங்கச் சிரித்தான். உள்ளே இருந்த அவன் மனைவி சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வந்து அப்படியே நின்றுவிட்டாள். அவன் நோயில் விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பாம்.

சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினான். பழைய வழக்கம்தான், அந்தக் கை நேராக என் சட்டைப் பைக்குள் போனது. துழாவியது. நான் அசையாமல் இருந்தேன். வெளியே வந்த விரல்களில் இரண்டு கராம்பு இருந்தன. அவற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினான்.

"போலாம்" என்றான்.

இது நடந்து ஐந்து மாதம். இடையில் இரண்டு தடவை வழுக்கினேன். ஒரு தடவை எல்ல ஊரில் ஒரு கல்யாண வீட்டில், இன்னொரு தடவை காரணமே இல்லாமல். கிளினிக்கில் ஒளிக்காமல் சொன்னேன். திரும்பவும் தொடங்குங்கள் என்றார்கள், தொடங்கினேன். இரண்டாம் மாதம் ஒரு நாள் அலமாரியைத் திறந்தபோது உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிற நாற்றம் அடித்தது. எலி தேடினோம். எலி இல்லை, என் பழைய மேலங்கி. மனைவி அதைக் கம்பு ஒன்றால் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த நாளிலிருந்து அக்காவிடம் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறேன். நான் மேசையில் குனியும்போது அவர் சட்டுவத்தைத் தொடக்கூடாது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் முகத்தையும் நான் பார்க்கக்கூடாது. இன்று காலையும் அப்படித்தான். குனிந்தேன். புல் வாடை போய், அதற்கடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல ஏறி வந்தது. பழுத்துக்கொண்டிருக்கும் ஒரு கொய்யா மாதிரி. அதற்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருந்தது. இன்னும் கொஞ்சம் மூச்சிழுத்தேன்.

"எடுங்க" என்றேன்.

அக்கா சட்டுவத்தை எடுத்தார். ஓரத்தை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "நாலு நிமிசம் பிந்திட்டீங்கய்யா. நேத்து ஆறு."